இடது குழல்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளை ஏற்றிக்கொண்டு போன மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். தேர்தலுக்காக அப்பா ஒப்படைத்திருந்த துப்பாக்கி இன்னும் அங்கேயே இருக்கிறதாம். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் வாரிசு யாரென்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் ஒரே பிள்ளை, விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"நான்தான் வாரிசு" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை, அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆம்பளைக யாரும் இல்லீகளா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே துப்பாக்கியை என் பேருக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாத்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். கரிசல் காடு. அந்தத் துப்பாக்கி தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் ரெட்டைக்குழல். பின்னால் இரண்டு குதிரைகள், முயல் காதுகளைப் போல வெளியே தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு விசையை அழுத்த வேண்டும். ஊரில் எல்லோரும் அதை லண்டன் துப்பாக்கி என்பார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தாத்தா வாங்கியதாகப் பேச்சு. ஊர்ப் பொங்கலில் சாமி கிளம்பும்போது அப்பா அதைத் தோளில் வைத்து வானத்தைப் பார்த்து ஒரு முறை சுடுவார். வலது குதிரையை மட்டும்தான் இழுப்பார். அது அவருடைய தோரணை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் போய் ஒப்படைப்பதும், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவதும்கூட அவருக்கு ஒரு கௌரவம்தான்.

கலெக்டர் ஆபீசில் என் மனுவை வாங்கிய கிளார்க், லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் நம்பரும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று அத்தாட்சி வேண்டும் என்றார். ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் துரு மட்டும்தான் இருந்தது. ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில் காட்டி எழுதி வாங்குங்கள் என்று கடிதம் கொடுத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் கூட வந்தார். குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் கழற்றி, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, சாக்கில் போட்டு மதுரை பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடலாமா என்று யோசித்து, கான்ஸ்டபிளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பேங்குக் காவலாளிகளின் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதுதான் அவருக்கு அன்றாட வேலை. அதிகம் பேசமாட்டார். குழலைத் தூக்கி, ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு அடியில் எண்ணெய் விட்டுத் துருவைத் துணியால் தேய்த்தார். நம்பர் மெல்ல எழும்பி வந்தது. புத்தகத்தில் இருந்த அதே நம்பர். அதற்குப் பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு சின்ன முத்திரை, உள்ளே மூன்று எழுத்து, மேலே கிரீடம்.

"இது லண்டன் இல்லைங்க. பெல்ஜியம்."

"மேலே லண்டன்னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கே?"

"விக்கிறதுக்கு வெட்டுனது. அந்தக் காலத்துல அங்குட்டுச் செஞ்சு, லண்டன் பேரை வெட்டி அனுப்புவாங்ங. இந்த முத்திரை மட்டும் பொய் சொல்லாது."

நான் சிரித்தேன். மூன்று தலைமுறைப் பெருமை ஒரு சொட்டு எண்ணெயில் போய்விட்டது. அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார்.

சரிசெய்து கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அப்பாவின் வருஷத் திதிக்குள் அது பழையபடி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நேரம் ஆகும் என்றார். கடிதத்தைக் காட்டி அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான்கைந்து சனிக்கிழமை போயிருப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. வலது குதிரையின் தளர்ந்துபோன ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் புதிது அடித்துப் போட்டார். கட்டையின் மேல் படிந்திருந்த கறுப்பு அழுக்கை ஸ்பிரிட்டால் துடைத்தபோது உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் மரத்தின் ரேகை வந்தது. குழலை மிக மெல்லிய இரும்புச் சுருணையால் எண்ணெய் விட்டுத் தேய்த்தபோது துருவுக்கு அடியில் வரிவரியாக ஒரு கோலம். பாம்புச் சட்டையை விரித்து ஒட்டியதுபோல. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, கம்பியின் மேல் சுற்றி, அடித்து ஒட்டிய குழல் என்றார். கருமருந்துக் காலத்துக்குச் செய்தது, இப்போது கடையில் விற்கும் தோட்டாவையே அது தாங்காது, சும்மா வைத்துப் பார்க்கலாம் என்றார். அதுவே எனக்குப் போதும்.

ஐந்தாவது சனிக்கிழமை நான் போனபோது அவர் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார். குழல் தலைகீழாக மேஜைமேல் கிடந்தது.

"டீச்சர், இதுல யாருக்கும் அடிபட்டிருக்கா?"

"இல்லையே, ஏன்?"

இடது குழலின் அடிப்பாகத்தைக் காட்டினார். சுடும்போது இடது கையால் தாங்கிப் பிடிக்கும் முன்கட்டை மூடுகிற இடம். துரு போன பிறகு அந்தப் பாம்பு வரிகளுக்கு நடுவே ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. பித்தளை.

"இங்க குழல் பொளந்திருக்கு. யாரோ பட்டறையில பித்தளை காய்ச்சி ஒட்டியிருக்காங்ங. இந்த இடது குதிரையைப் பாருங்க, மொட்டையா இருக்கு. வலதுல பூவேலை இருக்கு. இது பின்னால செஞ்சு மாட்டுனது. முன்கட்டையும் வேற மரம், நம்ம ஊரு வாகை."

"வெடிச்சதுன்னா எப்படி?"

"தோட்டாவுல போடக்கூடாத மருந்தைப் போட்டிருக்கணும். உங்க பக்கந்தான் மருந்துக்குப் பஞ்சமில்லையே. சத்தவெடிக்குப் போடுற வெள்ளை மருந்து குழலுக்குள்ள போனா தள்ளாது, கிழிக்கும்." குழலை அதே இடத்தில் பிடித்துக் காட்டினார். "இடது கையை இங்க வச்சுப் பிடிச்சவர் கை தப்பியிருக்காது."

நான் அந்த மஞ்சள் கோட்டின்மேல் விரலை வைத்தேன். எனக்கு ஒரு கை ஞாபகம் வந்தது. கட்டைவிரலும் பாதிச் சுட்டுவிரலும் மட்டும் மிஞ்சிய இடது கை.

அந்தக் கைக்கு உரியவர் எங்கள் கடலைக் காட்டுக்குக் காவல் இருந்தவர். ராத்திரி வைப்பாற்றுக் கருவேலங்காட்டிலிருந்து பன்றி இறங்கிக் கடலையைக் கிளறிவிடும். அவர் பரண்மேல் தகரம் தட்டுவார். எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம் காட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் வாசலுக்கு வந்து, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று வானத்தைப் பார்ப்பார்கள். புகையைப் பார்த்துத்தான் எந்த ஊர்ப் பட்டாசுக் கம்பெனி வெடித்தது என்று சொல்வார்கள். அன்றைக்குப் புகையே இல்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவினார். "கூறுகெட்ட பய, வீட்டுல வெடி செஞ்சிருக்கான்" என்றார். ஊரும் அப்படித்தான் சொன்னது. அவரைப் போலீஸ் பிடித்துப்போனதும், வெளியே வந்து குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனதும் மங்கலாக நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, துப்பாக்கி எப்ப வெடிச்சது?"

அம்மா தலை நிமிரவில்லை. "கடைக்காரன் சொன்னானா?"

"நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல. தோட்டா கெடைக்கல. உங்கப்பா சிவகாசியில இருந்து மருந்து வாங்கியாந்து பழைய தோட்டாவுல அவுகளே அடைச்சாக. பன்னி வருதுன்னு அவன் கையில குடுத்து அனுப்புனாக. நாந்தான் என் சேலையக் கிழிச்சு அவன் கையில கட்டுனேன்."

"அப்புறம் எதுக்கு வீட்டுல வெடி செஞ்சார்னு சொன்னீங்க?"

"லைசென்சு இல்லாதவன் கையில துப்பாக்கியக் குடுத்தது தெரிஞ்சா உங்கப்பாவ உள்ள தூக்கிப் போட்டுருப்பாக. நீ பச்சப்பிள்ள. நான் என்ன செய்வேன்?"

"அவரு உள்ள போனாரேம்மா."

"அவன் நாலு மாசம் போனான். உங்கப்பா போயிருந்தா குடும்பமே போயிருக்கும்." கீரைக் காம்புகளை அள்ளி முறத்தில் போட்டாள். "செத்த மனுசன் முகத்துல கரியப் பூசாத. அம்புட்டுத்தான் சொல்வேன்."

அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து ஹைஸ்கூலுக்குக் கூட்டிப்போனவர். பொம்பளைப்பிள்ளைக்கு எதற்கு பி.எஸ்சி. என்று கேட்ட சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அந்த மனிதர்தான் இதையும் செய்திருக்கிறார். அன்று நான் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

விசாரித்ததில் அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பதாகத் தெரிந்தது. தீபாவளி சீசன். பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். கேட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வருகிறவர்களின் தீப்பெட்டி, பீடி, செல்போனை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போடுவது அவர் வேலை. வலது கையால் ஒவ்வொருவரின் சட்டைப்பையையும் தட்டிப் பார்த்து உள்ளே விட்டார். இடது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் நான்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அப்பாவைவிட மூத்தவர். இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அருகில் போய் நின்றேன். ஊர் பேரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"மொதலாளி மகளா? வாங்க தாயி. மொதலாளி தவறிட்டாகன்னு கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன், சீசன்ல லீவு தரமாட்டாக."

துப்பாக்கியைச் சரிசெய்யக் கொடுத்திருப்பதைச் சொன்னேன். அவர் கேட்டைப் பார்த்தார்.

"எங் கை வெடி செஞ்சு போனது தாயி. வீட்டுல வெடி செஞ்சேன். புத்தி கெட்டுப்போச்சு."

இருபது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அதுவும் என்னிடம்.

"குழல் பொளந்ததை நான் பாத்துட்டேன். அம்மாவும் சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் கைகழுவ வெளியே வந்தாள். முழங்கைவரை வெள்ளிப்பூச்சு பூசினதுபோல மருந்து. அவள் திரும்பி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மொதலாளி சாகுறதுக்கு முன்னால ஏதும் சொன்னாகளா? என்னப் பத்தி?"

"இல்லை."

"ம்." தலையை ஆட்டினார். "ஒருக்காகூட?"

"என்கிட்ட சொல்லலை."

அதற்குப் பிறகுதான் சொன்னார். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நீ இப்படிச் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் சுருக்காக முடிந்துவிடும் என்றும் சொன்னாராம். ஒத்துக்கொண்டார். வெளியே வந்த பிறகு அரிசி மூட்டை வந்தது, ஒரு வருஷம்போல. பிறகு அதுவும் இல்லை. ஒற்றைக் கையனுக்குக் காட்டு வேலை யாரும் தரவில்லை. விஸ்வநத்தத்துக்கு வந்தார்கள். மனைவி வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிப் பிள்ளையை வளர்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டாள்.

"மகன் போலீசு வேலைக்கு எழுதுனான் தாயி. ஓட்டத்துலயெல்லாம் பாஸு. கடைசியில விசாரிக்க வந்தவுக, அப்பன் மேல வெடிமருந்துக் கேசு இருக்கேன்னு எழுதிக்கிட்டுப் போனாக. அதோட நின்னுபோச்சு. இப்ப இந்தா, இந்தக் கம்பெனியிலதான் மருந்து கலக்குறான்."

மருந்து கலக்கும் அறை எது என்று நான் கேட்கவில்லை. கேட்டுக்கு வெகு தள்ளி, தனியாக நின்ற ஓட்டறையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியாது தாயி. சொல்லிராதீக."

சொல்லமாட்டேன் என்றேன்.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. லைசென்ஸ் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, துப்பாக்கியை அரசாங்கத்திடமே ஒப்படைப்பதாக எழுதினேன். கூடவே, அது எப்படிப் பிளந்தது, யார் கை போனது, யார் பொய் சொல்லச் சொன்னது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். கிளார்க் அதைப் படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"இது தேவையில்லம்மா. ஒப்படைக்கிறேன்னு ஒரு வரி இருந்தாப் போதும்."

"இருக்கட்டும் சார், சேத்துக்கோங்க."

"சேத்தா ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போகும்."

"போகட்டும்" என்றேன். நெஞ்சில் பாரம் இறங்கினதுபோல இருந்தது. அந்த விசாரணை எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கை போனவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கடைக்காரர் சுடத் தகுதியற்றது என்று சான்று எழுதி, பாதி பளபளப்பும் பாதி துருவுமாக அதைக் கட்டிக் கொடுத்தார். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர்தான்.

"தாயி, ஞாயித்துக்கெழம போலீசு வீட்டுக்கு வந்துட்டுப் போச்சு. என்ன எழுதிக் குடுத்தீக?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. மகனுக்கு முப்பது வயது இருக்கும். நகக்கண்ணில் மருந்து போகாமல் ஒட்டியிருந்தது. நான் எழுதிய இரண்டு பக்கத்தின் நகலை அவனிடம் நீட்டினேன். நின்றபடியே கடைசிவரை படித்தான். பிறகு என்னிடம் பேசவில்லை, அவரிடம் திரும்பினான்.

"ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

அவர் இடது கையை வேட்டி மடிப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"அம்மா சாகுறவரைக்கும் உன்னய வைஞ்சேனே. உன்னாலதான் என் வேலை போச்சுன்னு தெருவுல வச்சு வைஞ்சேனே. அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன செய்வ?" என்றார். "நேரா போயி அந்த வீட்டு முன்னால நிப்ப. அப்புறம் உம் மேலயும் ஒரு கேசு போடுவாக. எனக்கு ஒரு கை போச்சு. நீ முழுசா இருக்கணும்ல."

அவன் காகிதத்தை நாலாக மடித்தான்.

"இத வச்சு என்ன செய்யலாம்?" என்று என்னைக் கேட்டான்.

வக்கீலிடம் விசாரித்திருந்தேன். பழைய கேஸ் கட்டுகளைக் கோர்ட்டில் எப்போதோ அழித்துவிட்டார்களாம். செய்தவர் இறந்துவிட்டார், ஒத்துக்கொண்டவர் தண்டனையை அனுபவித்துவிட்டார், இனிமேல் எடுத்து நடத்த ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். அதை அப்படியே சொன்னேன்.

"அப்ப எதுக்கு எழுதுனீக? எங்களுக்காகவா, உங்களுக்காகவா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"நீங்க கெளம்புங்க" என்றான். சத்தம் போடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவர் என்னோடு பஸ் ஸ்டாப்வரைக்கும் வந்தார். வரவேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. நாலடி தள்ளியே நடந்தார். வழியில் ஒரு தடவை, "போலீசு வந்து அரகொறையாக் கேட்டுட்டுப் போனதுலருந்து எங்கூட சேந்து உக்காந்து சாப்பிடுறான்" என்றார். பிறகு, "ஆனா தூங்க மாட்டேங்கான். மருந்து கலக்குற வேலை, தூக்கமில்லாமப் போகக்கூடாது தாயி" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. நான் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, "உக்காருங்கய்யா" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

"இருக்கட்டும் தாயி. பஸ் வந்துரும்" என்றார்.

நானும் எழுந்து நின்றுகொண்டேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.